அரிச்சுவடி ஆசிரியரை உருவாக்கியவர்கள்

(கிறிஸ்தவ ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

முன்வரிசைகளை நிரப்பி உட்கார்ந்திருக்கும் பயிற்சி மாணவ மாணவியரே!

நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது உங்களைப் பற்றி. ஆரம்பப் பள்ளி ஆசிரியர் எப்படி உருவாகிறார், அவரை உருவாக்க இந்த மண்ணில் கிறிஸ்தவப் பயிற்சிப் பள்ளிகள் என்ன செய்தன, இன்னும் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் என் பொருள்.

முதலில் உங்களை ஒன்று கேட்கிறேன். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற பேராசிரியருக்கு அதிகப் பயிற்சி வேண்டுமா, ஒன்றாம் வகுப்பில் அ, ஆ சொல்லித் தருகிறவருக்கு அதிகப் பயிற்சி வேண்டுமா? ஊரில் யாரைக் கேட்டாலும் பேராசிரியருக்குத்தான் என்பார்கள். "சின்னப் பிள்ளைகளுக்குத்தானே, யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுக்கலாம்" என்று நம் வீடுகளிலேயே பேசுகிறோம். தையல் மிஷினில் உட்கார்ந்து நேராக ஒரு கோடு தைக்கவே மாதக்கணக்கில் பழக வேண்டியிருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை முன்னால் உட்காரப் பழகவே வேண்டாமா?

ஒரு வகுப்பறைக்குள் போவோம். ஒரு பிள்ளை சிலேட்டில் 42இலிருந்து 17ஐக் கழிக்கிறது. விடை 35 என்று எழுதி நீட்டுகிறது. பயிற்சி இல்லாதவர் என்ன செய்வார்? தப்பு என்று கோடு போடுவார். சரியான விடையைப் பக்கத்தில் எழுதிப் பத்து முறை எழுதச் சொல்வார். பயிற்சி பெற்றவர் என்ன செய்வார்? பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எப்படிம்மா வந்துச்சு? எனக்குச் சொல்லு" என்பார். பிள்ளை சொல்லும்: "ஏழுல ரெண்டு போனா அஞ்சு. நாலுல ஒண்ணு போனா மூணு. முப்பத்தஞ்சு டீச்சர்."

பார்த்தீர்களா? அந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை. கவனம் இல்லாத பிள்ளையும் இல்லை. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை அப்படியே கடைப்பிடித்திருக்கிறது. நாற்பத்திரண்டில் இருக்கிற நான்கு என்பது நான்கு பத்து என்பதை மட்டும் அதற்கு யாரும் காட்டவில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, நான்கு கட்டும் இரண்டு உதிரியும் அதன் கையில் கொடுங்கள். ஏழு குச்சி கேளுங்கள். உதிரியில் இரண்டுதான் இருக்கிறது. பிள்ளை ஒரு நிமிடம் திகைக்கும். பிறகு தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கும். அந்தக் கட்டை அது அவிழ்க்கும் வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கத் தெரிய வேண்டுமே, அதற்குப் பெயர்தான் பயிற்சி! அந்தப் பொறுமை பிறவியில் வருவதில்லை. கணக்கில் பட்டம் வாங்கினாலும் வருவதில்லை. அதைத் தனியாகக் கற்க வேண்டும். ஒருவர் கற்றுத்தர வேண்டும்.

நல்லாசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு நம்மிடம் நூலுக்குப் பஞ்சமில்லை. நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன்பே, பாயிரத்தில் ஆசிரியருக்கு இலக்கணம் வகுத்துவிட்டார். யார் ஆசிரியர் ஆகக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார். நல்லாசிரியர் இன்னார் என்று தெரிந்துவிட்டது. சரி, அப்படிப்பட்டவரை எங்கே உருவாக்குவது? எத்தனை நாளில்? யாரை வைத்து? யாருடைய செலவில்?

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. அதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளை ஆவான். தான் கற்றதை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். மணலில் விரலால் எழுதி, எழுதியதைச் சொல்லி, சொல்லியதை அழித்து, மறுபடி எழுதுவது முறை. கையும் கண்ணும் வாயும் சேர்ந்து கற்கும். அந்த முறையில் வலிமை இருந்தது. கொடுமையும் இருந்தது, கோதண்டம் போடுகிற தண்டனையைப் பற்றி உங்கள் தாத்தாக்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. அந்தத் திண்ணையில் எல்லாப் பிள்ளையும் உட்கார முடியாது.

இனி வருவதைக் கவனமாகக் கேளுங்கள். 1706 ஜூலையில் தரங்கம்பாடிக் கரையில் இரண்டு இளம் மிஷனரிகள் இறங்கினார்கள். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. இன்னொருவர் புளூட்சோ. இருவருக்கும் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. என்ன செய்தார்கள்? ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரை அழைத்து, பிள்ளைகளோடு சேர்ந்து தங்கள் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளோடு பிள்ளைகளாகத் தரையில் உட்கார்ந்து மணலில் அ எழுதினார்கள்! கற்பிக்க வந்தவர் முதலில் கற்க உட்கார்ந்தார். பயிற்சி மாணவர்களே, உங்கள் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

சீகன்பால்கு ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் படித்தவர். அங்கே பிராங்கே என்ற போதகர் அனாதைப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் நடத்திக்கொண்டிருந்தார். ஏழைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அவர் இலவசச் சாப்பாடு போட்டார். அதற்கு ஈடாக அவர்கள் அந்தப் பள்ளிகளில் பாடம் சொல்லித்தர வேண்டும். எப்படிச் சொல்லித்தருவது என்பதையும் அங்கேயே கற்க வேண்டும். சோற்றுக்கு வந்தவர்களை ஆசிரியர்களாக்கிய ஏற்பாடு அது. அந்த நினைவோடு வந்தவர்தான் சீகன்பால்கு. வந்த மறு ஆண்டே பள்ளிக்கூடம் திறந்தார். பெண் பிள்ளைகளுக்கும் திறந்தார். தரங்கம்பாடி ஆளுநரோடு மோதி நான்கு மாதம் சிறையில் இருந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். இவ்வளவுக்கும் பிறகு 1716இல், இந்நாட்டவரையே ஆசிரியர்களாகவும் உபதேசிகளாகவும் பயிற்றுவதற்கு ஒரு பள்ளியைத் தரங்கம்பாடியில் நிறுவினார். 1719இல், முப்பத்தாறு வயதில் இறந்தார்.

அதே 1719இல் பிரான்ஸில் இன்னொருவரும் இறந்தார். அவர் கத்தோலிக்கக் குரு, ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால். செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். பஞ்ச காலத்தில் தம் சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்தவர். கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்கென்று ரீம்ஸ் நகரத்தில் பயிற்சி நிலையம் தொடங்கினார். பிள்ளைகளுக்கு லத்தீனில் தொடங்காதீர்கள், அவர்கள் வீட்டில் பேசும் பிரெஞ்சில் தொடங்குங்கள் என்றார். 1950இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தது. தாய்மொழியில் தொடங்குவது, பயிற்றிய ஆசிரியரை அனுப்புவது என்ற இரண்டையும், ஒருவரை ஒருவர் பார்த்திராத இந்த இரண்டு பேரும் ஒரே காலத்தில், வெவ்வேறு சபைகளில் நின்று செய்தார்கள்.

இன்னும் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் 1787இல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்தினார். ஒருநாள் ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைப் பார்த்தார். தம் பள்ளிக்கு வந்து, ஆசிரியர்களை அப்படியே செய்யச் சொன்னார். அவர்கள் மறுத்தார்கள். சம்பளம் வாங்குகிற ஆசிரியர்களுக்கு மணலில் விரல் வைக்க மனமில்லை. பெல் என்ன செய்தார்? எட்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்து, "இந்த அரிச்சுவடி வகுப்பு இனி உன் பொறுப்பு" என்றார். பையன் நடத்திக் காட்டினான்! 1797இல் பெல் இதை லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் ஆயிரக்கணக்கில் அந்த முறையை எடுத்துக்கொண்டன. 'மெட்ராஸ் முறை' என்றே அதற்குப் பெயர் வந்தது.

நம் சட்டாம்பிள்ளை சீமைக்குப் போனான் என்று பெருமைப்படலாம்; நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் அதில் ஒரு பாடமும் இருக்கிறது. சட்டாம்பிள்ளை தனக்குத் தெரிந்ததை ஒப்பிக்க வைக்கலாம். 42இலிருந்து 17 போனால் 35 என்று ஒரு பிள்ளை எழுதினால் ஏன் எழுதியது என்று அவனுக்குத் தெரியாது. செலவைக் குறைக்க அந்த முறை உதவியது. பிள்ளையின் மனத்தை அறிய உதவவில்லை. அதனால்தான் இங்கிலாந்தும் பிற்பாடு பெரியவர்களுக்கான பயிற்சிக் கல்லூரிகளைத் தேடிப் போயிற்று.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். தென்பாண்டிச் சீமைக்கு!

1820இல் இரேனியஸ் என்ற மிஷனரி பாளையங்கோட்டைக்கு வந்தார். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் வைத்தார். பள்ளிக்கூடம் வைத்தால் போதுமா? ஆசிரியர் எங்கே? புத்தகம் எங்கே? புத்தகத்துக்காக 1832இல் 'பூமிசாஸ்திரம்' என்று தமிழில் ஒரு புவியியல் பாடநூலை எழுதினார். ஆசிரியர்களுக்காகப் பாளையங்கோட்டையில் பயிற்சிப் பள்ளி வைத்தார். அவருக்குப் பின் எட்வர்ட் சார்ஜென்ட் என்ற மிஷனரி உபதேசிமாரையும் வாத்தியார்மாரையும் பயிற்றும் வேலையைப் பல்லாண்டு தம் கையில் வைத்திருந்தார். பிற்பாடு 1877இல் அவர் ஆயராக உயர்ந்தார். ஆயர் ஆவதற்கு முன் ஒரு மனிதர் தம் இளமையின் பெரும்பகுதியைச் சிற்றூர் வாத்தியார்களை உருவாக்கச் செலவிட்டார் என்பதை நம் சபைத் தலைவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தப் பயிற்சிப் பள்ளிக்கு யார் வந்தார்கள்? பனையேறிகளின் பிள்ளைகள் வந்தார்கள். சேரியிலிருந்து வந்தார்கள். அப்பனுக்கும் பாட்டனுக்கும் கையெழுத்துப் போடத் தெரியாத வீட்டிலிருந்து வந்தார்கள். போனபோது? வேட்டியும் சட்டையும் கையில் புத்தகமுமாக, ஓர் ஊருக்கு வாத்தியாராகப் போனார்கள். திண்ணையில் உட்கார இடம் கிடைக்காதவரின் மகன், நாற்காலியில் உட்கார்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னான். நூறு போராட்டம் செய்ய வேண்டிய வேலையை அந்த ஒரு நாற்காலி செய்தது.

அதற்காக எல்லாமே ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சில இடங்களில் சாதி பார்த்து உட்கார வைத்தார்கள். தரங்கம்பாடிக் கோயிலிலேயே அது நடந்தது. விடுதியில் எல்லாருக்கும் ஒரே பந்தி என்று உறுதியாக நின்ற இடங்களில், பெற்றோர் வந்து பிள்ளைகளை அழைத்துப்போனதும் உண்டு. மதம் மாற்றுவதே நோக்கம் என்று நடந்த பள்ளிகள் உண்டு. வினாவிடையை நெட்டுருப் போட வைத்து அதையே கல்வி என்று நினைத்த ஆசிரியர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்தி, திங்கட்கிழமை பாடம் நடத்தி, இரண்டுக்குமாக அரைவயிற்றுச் சம்பளம் வாங்கிய உபதேசியார்கள் உண்டு. இவற்றை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது கிறிஸ்தவமும் ஆகாது, வரலாறும் ஆகாது.

ஆனால் ஒன்றில் இந்தப் பள்ளிகளுக்கு யாரும் ஈடு சொல்ல முடியாது. பெண்ணை ஆசிரியையாக்கியதில்!

சாரா டக்கர் என்ற பெயர் இந்த ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அந்த அம்மா யார்? இந்தியாவுக்கு ஒருநாளும் வராதவர். உடல் நலிந்து இங்கிலாந்தில் வீட்டோடு இருந்தவர். சென்னையில் மிஷன் செயலராக இருந்த சகோதரர் ஜான் டக்கர் எழுதிய கடிதங்கள் வழியாகத் தென்னாட்டுப் பெண் பிள்ளைகளின் நிலையை அறிந்தார். அவர்களுக்காகப் பணம் சேர்த்து அனுப்பினார். தென்னிந்திய மிஷன்களைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 1857இல் இறந்தார். அவருடைய தோழிகள் அவருக்குக் கல்லில் நினைவுச் சின்னம் வைக்க நினைக்கவில்லை. பணம் திரட்டினார்கள். அந்தப் பணத்தில், மறு ஆண்டே, பெண்களை ஆசிரியைகளாக்கும் பயிற்சிப் பள்ளி இங்கே பிறந்தது. 1895இல் அது கல்லூரியாக வளர்ந்தது.

1858ஐ நினைத்துப் பாருங்கள். பெண் பிள்ளை எழுத்துப் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிய காலம். பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமானால் பெண் வாத்தியார் வேண்டும் என்பார்கள். பெண் வாத்தியார் வேண்டுமானால் முதலில் பெண் பிள்ளை படித்திருக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? இந்த முடிச்சை அவிழ்த்தது பயிற்சிப் பள்ளிதான். விடுதியில் சேர்த்து, சோறு போட்டு, படிக்க வைத்து, படித்தவளுக்கே படிப்பிக்கவும் கற்றுக்கொடுத்து, அவளை ஓர் ஊருக்கு அனுப்பினார்கள். சம்பளம் வாங்கும் முதல் பெண்ணை அந்த ஊர் பார்த்தது. 'டீச்சரம்மா' என்ற மரியாதை அப்படி வந்தது. அதே பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்கும், 1897இல் புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியாது என்று ஊர் முடிவு கட்டியிருந்தபோது, எப்படிக் கற்பிக்கலாம் என்று கேட்டவர்கள் அவர்கள்.

பயிற்சி பெற்றவர் பயிற்சி கொடுத்தவரின் சொத்து ஆகிவிடுவாரா? ஆகமாட்டார். ஆகவும் கூடாது. இதற்கு ஒரே ஆண்டில் இரண்டு சான்று இருக்கிறது. 1848ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு பூனாவில் சாவித்திரிபாய் பூலே, கணவர் ஜோதிராவோடு சேர்ந்து பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். அவர் ஆசிரியப் பயிற்சி பெற்றது எங்கே? அகமத்நகரில் சிந்தியா ஃபேரர் என்ற அமெரிக்க மிஷனரி அம்மையாரிடமும், பூனாவில் இருந்த மிஷன் பயிற்சிப் பள்ளியிலும் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பள்ளிக்குப் போகும் வழியில் சாணியையும் கல்லையும் எறிந்தார்கள். அவர் நிற்கவில்லை. அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. மாபெரும் ஆசிரியை ஆனார்!

அதே 1848இல் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது? ஆறுமுக நாவலர், வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தவர், அங்கேயே கற்பித்தவர், பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகளுக்குப் படிநிலையாகப் பாலபாடம் எழுதினார். வகுப்பு, கால அட்டவணை, அச்சிட்ட பாடநூல் என்று மிஷன் பள்ளியில் கண்டதை எடுத்துத் தம் சமயத்துக்குப் பயன்படுத்தினார். இதை மிஷனுக்குத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தன்னிடம் கற்றவர் தனக்கு எதிரே நின்று இன்னொரு பள்ளியைக் கட்டினாலும் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்தது. நல்ல பயிற்சிப் பள்ளி எதைக் கொடுக்கும்? இப்படி எதிரே நிற்கும் வலிமையையும் கொடுக்கும்.

நண்பர்களே, பழங்கதை போதும். அந்தப் பயிற்சிப் பள்ளிகளுக்குள்ளே என்னதான் நடந்தது என்று பார்ப்போம். பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

காலையில் மணி அடித்தால் ஜெபம். பிறகு தோட்ட வேலை, துப்புரவு வேலை. வகுப்பைக் கூட்டத் தெரியாதவர் வகுப்பை நடத்த முடியாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். பயிற்சிப் பள்ளியின் சுவரை ஒட்டியே ஒரு மாதிரிப் பள்ளி இருக்கும். உண்மையான பிள்ளைகள், மூக்கொழுகுகிற, அழுகிற, "டீச்சர், இவன் என்னைக் கிள்ளிட்டான்" என்று புகார் சொல்கிற பிள்ளைகள். அங்கே ஒரு பயிற்சி மாணவர் பாடம் நடத்துவார். மற்ற மாணவர்கள் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். பாடம் முடிந்ததும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு விமர்சனம் தொடங்கும். அப்பப்பா! அந்த அரை மணி நேரம்!

"நீங்கள் கரும்பலகையை மறைத்துக்கொண்டு நின்றீர்கள்." "பெயரை முதலில் கூப்பிட்டுவிட்டுக் கேள்வி கேட்டீர்கள். அதனால் மற்ற பிள்ளைகள் யோசிப்பதை விட்டுவிட்டார்கள். கேள்வியைப் பொதுவில் கேளுங்கள், கொஞ்சம் நிறுத்துங்கள், பிறகு பெயரைச் சொல்லுங்கள்." "முன்வரிசையை மட்டும் பார்த்துப் பேசினீர்கள். கடைசி வரிசை மூலையில் இருந்த பெண் பிள்ளையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை." இந்த ஒவ்வொரு வாக்கியமும் ஒரு நூலுக்குச் சமம். கேட்டபோது கண்ணீர் விட்டவர்கள், பிற்காலத்தில் தலைமை ஆசிரியர்களாகி அதே வாக்கியங்களை இளையவர்களுக்குச் சொன்னார்கள். சபைகள் நடத்தும் பள்ளிகளை டி.டி.டி.ஏ. பள்ளி என்றும் ஆர்.சி. பள்ளி என்றும் நம் ஊர்களில் சொல்கிறோமே, அந்தப் பள்ளிகளின் பெயர் இப்படிக் கட்டப்பட்டதுதான்.

இன்று என்ன நிலை? பிளஸ் டூ முடித்து இரண்டாண்டு டிப்ளமோ. பாடத்திட்டம் அன்றைக்கு இருந்ததைவிட மேல். குழந்தை உளவியல் இருக்கிறது, செயல்வழிக் கற்றல் இருக்கிறது, 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. தமிழ்நாட்டில் 2012 முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடக்கிறது. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் அதை எழுத வேண்டுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 செப்டம்பரில் தீர்ப்பும் வந்திருக்கிறது. தேர்வு வேண்டும், நான் எதிர்க்கவில்லை. ஆனால் தேர்வுத் தாளில் சரியான கட்டத்தை நிரப்புகிற கை, ஈர்க்குச்சிக் கட்டைப் பிள்ளை அவிழ்க்கும் வரை காத்திருக்குமா? அதை எந்தத் தேர்வும் அளக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற மூத்த ஆசிரியர்தான் அளக்க முடியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நாம் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். ஆய்வாளர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் கணக்குப்படி பள்ளிக்கு மானியம். என்ன ஆயிற்று? ஆய்வாளர் வரும் நாளுக்காகவே பள்ளி நடந்தது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளைகள் உருவானார்கள். அந்த வழியில் மறுபடியும் போக வேண்டாம்.

எனக்கு நெஞ்சு வேகிற இன்னொன்றும் உண்டு. பயிற்சி மாணவர்கள் பாடக்குறிப்பு ஏடுகளை ஆள் வைத்து எழுதுகிறார்கள். சார்ட் எல்லாம் கடையில் வாங்குகிறார்கள். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்கு அனுப்பினால், ஆசிரியர் இல்லாத வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது என்று அவர்களைத் தனியே விட்டுவிடுகிறார்கள். பின்னால் உட்கார்ந்து பார்ப்பவர் யார்? விமர்சனம் சொல்பவர் யார்? தேர்வுக் கமிஷன் வருகிற நாளில் மட்டும் துணைக்கருவிகள் சுவரில் தொங்கினால், அது பயிற்சியா? பயிற்சி மாணவர்களே, உங்கள் கையால் வரைந்த கோணல் யானை, கடையில் வாங்கிய அழகான யானையைவிட ஆயிரம் மடங்கு மேல். ஏன் தெரியுமா? அதை வரையும்போது, தும்பிக்கையை எங்கே வைத்தால் பிள்ளைக்குப் புரியும் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. "இன்ஜினீயரிங் கிடைக்கவில்லை, அதனால் டீச்சர் டிரெயினிங்" என்று உங்கள் பிள்ளை காதுபட யாரிடமும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு வகுப்புக்குள் போகிறவர், நிமிர்ந்து நிற்க முடியாது.

தாளாளர் அவர்களே, மேடையில் இருக்கும் சபைத் தலைவர்களே, கடைசியாக உங்களிடம்தான் கேட்கிறேன். மூன்று காரியம். மாணவர் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி, பயிற்சிப் பள்ளியை ஒட்டிய மாதிரிப் பள்ளிகளை மூடாதீர்கள். பிள்ளைகள் இல்லாத பயிற்சிப் பள்ளியில் எதைப் பயிற்றுவது? நல்ல அனுபவமுள்ள தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்சிப் பள்ளிக்கு அழைத்து, பின்வரிசையில் உட்கார வையுங்கள். உங்கள் பள்ளிகளில் காலியிடம் வரும்போது பணத்தையும் பார்க்காதீர்கள், பரிந்துரையையும் பார்க்காதீர்கள், சாதியையும் பார்க்காதீர்கள். விண்ணப்பித்தவரை ஒன்றாம் வகுப்புக்குள் அனுப்பி, ஒரு மணி நேரம் பாடம் நடத்தச் சொல்லுங்கள். நன்றாக நடத்துகிறவருக்கு அந்த வேலையைக் கொடுங்கள்.